உள்ளே கைப்பிடி இல்லாத வீடு

"அண்ணி, ஒரு சின்ன விஷயம். பதறாதீங்க."

"பதறுறது நீதான். சொல்லு."

"இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடியே இல்ல."

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ கதவைத் தள்ளிப் பார்த்தான். தோளால் முட்டிப் பார்த்தான். "மிஸ்! மிஸ்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டும் பார்த்தான். கூப்பிட்ட குரல் சுவரில் பட்டு அங்கேயே அமுங்கிப்போனது. பதில் வரவில்லை.

அவனை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், காது சொல்லிவிடும். கணவனின் தம்பி வேலைவெட்டி இல்லாமல் ஊர் வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டு திரிகிறானே என்று, துப்பறியும் தொழில் நடத்தும் அண்ணிதான் அவனைக் கூட வைத்துக்கொண்டாள். அவனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம் உண்டு. மூடிய அறை. எத்தனை மாடியானாலும் லிப்டில் ஏற மாட்டான். மூச்சு வாங்கப் படியேறி வந்து, "உடம்புக்கு நல்லது" என்பான்.

இப்போது மாட்டிக்கொண்டது வெறும் அறையிலும் இல்லை. வீட்டில். சரியாகச் சொன்னால், வீடு மாதிரி ஒன்றில்.

நகரத்தில் வேலை போனவர்கள், வேலையே கிடைக்காதவர்கள், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு இனி என்ன செய்வதென்று முழிக்கிறவர்கள் எல்லாருக்கும் தொழில் கற்றுக்கொடுக்கும் நிலையம் அது. பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஒரு கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்தார்கள். இன்னொன்றில் சீருடை தைத்தார்கள். அந்த வருமானத்தில்தான் பயிற்சி நடந்தது. படுக்கையில் விழுந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி தர, கிடங்கின் உள்ளறை ஒன்றையே வீடாக மாற்றியிருந்தார்கள். கட்டில், மேசை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உண்டு. ஒன்றும் வேலை செய்யாது. குழாயைத் திருகினால் தண்ணீர் வராது. தொலைபேசிக்குக் கம்பி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் சுவர். சுவரில் பூந்தோட்டத்தின் படம் ஒன்று ஒட்டியிருந்தது.

"அண்ணி, அந்தக் கக்கூஸாவது..."

"அதுவும் பயிற்சிக்குத்தான். போய் உட்கார்ந்து தொலைச்சுடாத."

"இதைக் கேட்டதும்தான் எனக்கு அவசரமா வருது."

அவர்கள் வந்த காரியம் விளையாட்டுக் காரியம் இல்லை. முந்தின நாள் காலையில், கப்பல் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் படுக்கையறையில் நினைவு தப்பிக் கிடந்தார். பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் விழுந்துபோன மனிதர். வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டியபடி, கட்டில் ஓரத்தில் பாதி சரிந்து கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்தால், குடித்த பாலில் தூக்க மாத்திரை. ஆள் இன்னும் கண் திறக்கவில்லை. வீட்டில் இருந்தது, அவரைப் பார்த்துக்கொள்ள இந்த நிலையம் அனுப்பி வைத்த பெண் ஒருத்திதான். போலீஸ் வேறு யாரைப் பிடிக்கும்? அவளைப் பிடித்தது. இன்று சாயங்காலம் நீதிபதி முன் நிறுத்திவிட்டு ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள். அவள் மகளுக்கு இன்னும் பால்பல்கூட விழவில்லை.

அண்ணியைத் தேடி வந்தது அந்தப் பெண்ணின் மாமியார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"என் மருமக எறும்பை மிதிச்சாக்கூட அழுவா. அவளைப் போய்க் கொலைகாரிங்கிறான். அவளைத் திட்டணும்னா நான் இருக்கேன், இவன் யாரு? எப்படியாச்சும் வெளிய கொண்டு வந்துடும்மா."

மாமியார் மருமகளுக்காக மல்லுக்கு நிற்பதைப் பார்த்து ரேடியோவுக்கே கண் கலங்கியது. "அண்ணி, இந்தக் கேஸை எடுக்கலைன்னா நமக்குச் சோறு செரிக்காது" என்றான்.

அண்ணி எடுத்தாள். காலையிலேயே கேப்டன் வீட்டுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் பெருமையோடு படுக்கையறையைக் காட்டினார். கட்டிலை ஒட்டி ஒரு சின்ன மேசை. அதன்மேல் மூடி போட்ட தண்ணீர் டம்ளர், கூப்பிடு மணி, மூக்குக் கண்ணாடி மூன்றும் நூல் பிடித்தாற்போல் வரிசை. கீழே செருப்புகள் ஜோடியாக வெளிப்பக்கம் பார்த்து. "பாருங்க, எல்லாம் அந்த நிலையத்துல சொல்லிக் குடுத்த மாதிரியே. அவ கைவேலைதான், சந்தேகமே இல்லை" என்றார். அண்ணி அலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டாள்.

அடுத்து லாக்கப்பில் மருமகளைப் பார்த்தார்கள். ராத்திரி யாராவது வந்தார்களா என்று அண்ணி கேட்டதற்கு, யாரும் வரவில்லை என்று தலையாட்டினாள்.

"தூங்கறதுக்கு முன்னால மேசையெல்லாம் நீதானே ஒழுங்குபண்ணி வச்ச?"

"ஆமாம்மா. எப்பவும் நான்தான் வைப்பேன்."

"காலையில உள்ள போய்ப் பார்க்கும்போதும் வச்சது வச்சபடி இருந்துதா?"

அவ்வளவுதான். மருமகள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பிறகு மாமியாரைப் பார்த்து, "வேணாம் அத்தை. இந்தம்மாவைப் போகச் சொல்லுங்க. எனக்காக யாரும் அலைய வேணாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காப்பாற்ற வந்தவர்களைப் போகச் சொல்கிற கைதியை ரேடியோ அன்றுதான் பார்த்தான். அண்ணி மட்டும், "வா தம்பி, அவ படிச்ச இடத்தைப் பார்ப்போம்" என்று நேராக இங்கே கூட்டி வந்துவிட்டாள்.

விடுமுறை நாள். நிலையத்தில் ஈ காக்கை இல்லை. அதைத் தொடங்கி, கட்டிக் காத்து, தலைமைப் பயிற்சியாளராகவும் இருக்கும் அம்மாள் மட்டும் இருந்தார். எல்லாருக்கும் அவர் 'மிஸ்'. நரைத்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, கழுத்தில் சாவிக்கொத்தோடு வந்து, இந்தப் பயிற்சி வீட்டை அலுக்காமல் சுற்றிக் காட்டினார். தேர்வு எப்படி வைப்பீர்கள் என்று அண்ணி கேட்டதும் முகம் மலர்ந்து விளக்கினார். முதலில் அவரே வீட்டைக் கலைத்து வைப்பார். விரிப்பு மடங்கியிருக்கும், மணி எட்டாத இடத்தில் இருக்கும், தரையில் தண்ணீர் சிந்தியிருக்கும். மாணவியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார். அவள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு மணியை அழுத்த வேண்டும். மிஸ் வெளியே நின்று கதவிலுள்ள வட்டக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் திறப்பார்.

"அந்தக் கேப்டன் வீட்டு மேசையில இருந்த வரிசை இங்க கத்துக்கிட்டதுதானே மிஸ்?" என்று அண்ணி கேட்டாள்.

மிஸ்ஸின் கை கழுத்துச் சாவிக்கொத்துக்குப் போயிற்று. "இருங்க, டீ கொண்டு வரேன்" என்று வெளியே போனார். கதவு அவர் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

அந்த டீதான் இன்னும் வரவில்லை.

"டீ போட இலை பறிக்கப் போயிருப்பாங்களோ?" ரேடியோ மணியை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு கையை எடுக்காமலே அழுத்திக்கொண்டு நின்றான். அலைபேசியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினான். ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. குளிரை உள்ளே பிடித்து வைக்கக் கட்டிய சுவர் ஆளையும் அப்படியே பிடித்து வைத்திருந்தது.

"அண்ணி, எனக்கு மூச்சு முட்டுது."

"மேல பாரு, காத்துக் குழாய் இருக்கு. காத்து வருது."

"காத்து வருது, தைரியம் வரலையே! சுவரெல்லாம் கிட்ட கிட்ட வர்ற மாதிரி இருக்கு. சரி, கதவு தெரியாம சாத்திக்கிச்சுன்னே வச்சுக்குவோம். மணி வெளிய கேக்கும்தானே? அவங்க ஏன் வரல?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். நீ அந்தக் கட்டில்ல படு."

"நானா? எதுக்கு?"

"நாம இப்ப தேர்வு எழுதுறோம். நீதான் நோயாளி. இடது கை, இடது கால் வராது. முடிஞ்சா வாயும் வராத மாதிரி நடி."

ரேடியோ முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் படுத்தான்.  மேலே தகரக் கூரை. வலது பக்கம் சுவர், மூக்கில் இடிக்காத குறை. வலது கையை நீட்ட இடமில்லை.

"அண்ணி, கட்டிலைச் சுவரோட ஒட்டிப் போட்டிருக்காங்க. எந்தப் பொருளானாலும் எனக்கு இடது பக்கம்தான் வைக்க முடியும். அந்தக் கை வராதுன்னு வேற சொல்லிட்டீங்க. நான் எப்படித் தண்ணி குடிக்கிறது?"

சொல்லிவிட்டு அவனே வாயைப் பிளந்தான். அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரேடியோவுக்குத் தெரியும்; நூல் கையில் மாட்டிவிட்டது என்று அர்த்தம். அலைபேசியில் காலையில் எடுத்த படத்தைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கேப்டன் கட்டில் அறைக்கு நடுவுல கிடக்கு. ரெண்டு பக்கமும் தாராளமா இடம். மேசை எந்தப் பக்கம் இருக்கு பாரு."

"இடது பக்கம்! வராத கைப் பக்கம்!"

"அவரை மாசக்கணக்காப் பார்த்துக்கிட்ட பொண்ணு அப்படி வைப்பாளா? தினமும் தண்ணி எடுத்துக் குடுத்தவளுக்குத் தெரியாதா எந்தக் கை வேலை செய்யும்னு? அவ வலது பக்கம்தான் வச்சிருப்பா. அதுக்கப்புறம் யாரோ அந்த அறைக்குள்ள போயிருக்காங்க. மேசையை நகர்த்தி இடது பக்கம் வச்சு, டம்ளர், மணி, கண்ணாடின்னு வரிசையா அடுக்கியிருக்காங்க. இந்த வீட்டுல இருக்கிற மாதிரியே."

"ஆனா அண்ணி, கேப்டனோட மகன் ஒருத்தர் இருக்காரே. சொத்துன்னு வந்தா..."

"அவருக்கு இந்த வரிசை எப்படிடா தெரியும்?"

"சரி, மகனை விடுதலை பண்ணிட்டேன். இங்க படிச்சவங்க ஏகப்பட்ட பேர் இருப்பாங்களே. அதுல யாரோ ஒருத்தர்."

"இங்க படிச்சு வெளிய போனவங்க நிஜ வீட்டுல நிஜ மனுஷங்களோட வேலை செய்றவங்க. ஒரு வீட்டுல கட்டில் நடுவுல இருக்கும், இன்னொரு வீட்டுல ஜன்னலோரம். நோயாளிக்கு எது வசதின்னு கேட்டுத்தான் வைப்பாங்க. இந்தப் பக்கம்னு ஒண்ணு அவங்க கையில நிக்காது. வருஷக்கணக்கா இந்த ஒரே அறையில, இந்த ஒரே கட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னவங்க கை மட்டும்தான் யோசிக்காம இடது பக்கம் போகும்."

ரேடியோ எழுந்து உட்கார்ந்தான். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. இதுவரை வெளியே போய் டீயைத் தொலைத்துவிட்ட ஒரு மறதிக்கார அம்மாள்தான் அவர்களை உள்ளே விட்டுச் சாத்திவிட்டதாக நினைத்திருந்தான்.

"அப்ப கதவு தெரியாம சாத்தினது இல்ல."

"இல்ல."

"அதைத் திறக்கக்கூடிய ஒரே ஆளும்..."

"அவங்கதான். மெதுவாப் பேசு. கதவுல அந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்தியா? கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் வெளிச்சமா இருந்துது. இப்ப இருட்டா இருக்கு. வெளிய நின்னு பார்த்துக்கிட்டிருக்காங்க."

ரேடியோ மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினான். அந்தக் கரிய வட்டத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே அந்தப் பெண்ணை ஜெயில் வண்டியில் ஏற்றப் போகிறார்கள். இங்கே உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பொம்மை வீட்டில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"கெஞ்சிப் பார்ப்போமா அண்ணி? கால்ல வேணா விழறேன். எனக்கு மானம் மரியாதையெல்லாம் கிடையாது, உங்களுக்கே தெரியும்."

"விழத்தான் போற. ஆனா கால்ல இல்ல. மறுபடி படு. நான் கண்ணைக் காட்டினதும் கட்டில்லேர்ந்து தரையில விழு. விழுந்து அசையாமக் கிட."

"விழுந்தா?"

"மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

அண்ணி மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அதில் தனக்கு ஏதாவது முறியும் என்பது ரேடியோவுக்கு அனுபவம். ஆனாலும் படுத்தான். அண்ணி கண்ணைக் காட்டினாள். தொப்பென்று விழுந்தான். அண்ணி "ஐயையோ!" என்று ஓடி வந்து, அவன் வராத இடது கையை இரண்டு கையாலும் பிடித்து, மூட்டையை இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாள் பாருங்கள், அவன் போட்ட சத்தத்தில் நடிப்பு கொஞ்சம்கூட இல்லை. "அம்மா! தோளு!" அண்ணி விடவில்லை. ஒரு கையை மட்டும் எடுத்து அவன் கழுத்தை வளைத்துப் பிடித்து, தலையை முன்னால் தள்ளி, இன்னும் ஓங்கி இழுத்தாள்.

கதவு படாரென்று திறந்தது.

"கையை விடுங்க! வராத கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, தோள்மூட்டு கழண்டுடும்! கழுத்தைத் தொடாதீங்க!" மிஸ் ஓடி வந்து அண்ணியைத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். ஒரு கை ரேடியோவின் தோளுக்கு அடியிலும் ஒரு கை தலைக்கு அடியிலும் தானாகப் போயின. "பயப்படாதப்பா, எங்க வலிக்குது? அசையாத. மெதுவா என்னைப் பாரு."

ரேடியோ அவரைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த கவலையில் பொய்யே இல்லை. எழுந்து ஓடிப்போய், கதவு மறுபடி சாத்திக்கொள்ளாதபடி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றபோது, வெற்றி பெற்ற சந்தோஷத்துக்குப் பதில் அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க மிஸ். எனக்கு ஒண்ணும் ஆகல. தோளைத் தவிர."

மிஸ்ஸுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்துகொண்டார்.

"கண்டுபிடிச்சுட்டீங்க."

"மேசை சொல்லிடுச்சு" என்றாள் அண்ணி, எதிரில் தானும் தரையில் உட்கார்ந்து. "எதுக்கு மிஸ்?"

"இந்தக் கிடங்கு கேப்டனோடது. நேத்துக் காலையில இதை விக்கறதுக்குக் கையெழுத்துப் போடறதா இருந்தார். முந்தின ராத்திரி போய்க் கெஞ்சினேன். கட்டில்ல படுத்துக்கிட்டே, 'உங்க ஜனங்களுக்கு வேற இடம் பாருங்க'ன்னார். வேற எந்த இடம்? இங்க துவைக்கிறவ, தைக்கிறவ, படிக்கிறவ எல்லாரும் அறுபது பேர். எத்தனையோ கதவைத் தட்டிட்டு எங்கயும் திறக்காம இங்க வந்தவங்க. அந்தப் பொண்ணு டீ போட அடுப்படிக்குப் போயிருந்தா. எனக்கு டாக்டர் குடுத்த தூக்க மாத்திரை பையில இருந்துது. அவர் பால்ல போட்டுட்டேன். காலையில அவர் தூங்கிட்டா, வாங்க வந்தவர் விமானம் ஏறிப் போயிடுவார். மகன் நல்ல மனுஷர், குத்தகையை நீட்டிக்க அவர் அப்பாகிட்ட எடுத்துச் சொல்வார்னு நெனச்சேன். சத்தியமா அவ்வளவுதான் நெனச்சேன். ரெண்டு மாத்திரையில யாரும் சாக மாட்டாங்க."

"இன்னிக்கு எங்களை ஏன் பூட்டினீங்க?"

"அந்த மகன் கொஞ்ச நேரத்துல வர்றார். அப்பா சார்பா அவரே கையெழுத்துப் போட்டு நீட்டிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும்தான். அப்புறம் திறந்து விட்டிருப்பேன்."

"அதுக்குள்ள அவளை ஜெயில்ல போட்டிருப்பாங்களே!" ரேடியோ கத்திவிட்டான்.

"தெரியும்." மிஸ் அவனைப் பார்க்கவில்லை. "நேத்துலேர்ந்து ஒரு பருக்கை உள்ள இறங்கல. ஆனா அவ ஒருத்தி, இங்க அறுபது பேர். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

 உண்மையைச் சொன்னால், அந்த அம்மாளைத் திட்ட ரேடியோவுக்கு மனம் வரவில்லை.

அண்ணி நிதானமாகப் பேசினாள். "ரெண்டு மாத்திரையில யாரும் சாக மாட்டாங்கன்னு சொன்னீங்க. சரி. ராத்திரி அவருக்கு மூச்சு முட்டியிருக்கு. முழிச்சிருக்கார். வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டிக்கிட்டு, இடது ஓரத்துல சரிஞ்சு கிடந்தார். எதை எடுக்கப் போனார் மிஸ்?"

மிஸ் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். 

"பக்கத்து அறையில பொண்ணு படுத்திருக்கா. ஒரு தடவை அழுத்தினா ஓடி வந்திருப்பா. அவ அவர் வலது கைக்குப் பக்கத்துலதான் வச்சிருந்தா."

"மணி" என்றார் மிஸ். இரண்டு கைகளையும் விரித்து, யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தார். "நான் கிளம்பும்போது மேசை ஒழுங்கில்லாத மாதிரி பட்டுது. என்ன பண்றேன்னு நெனக்காமலே எடுத்து வச்சேன். விளக்கை அணைச்சேன். தூங்குறார், எழுப்பாதேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்தேன். ஐயோ, அவர் எட்டி எட்டிப் பார்த்திருப்பாரே!"

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணி நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு மிஸ். நீங்க வந்ததை அவ போலீஸ்ல சொல்லல. யாருமே வரலைன்னு சொல்லிட்டா. ஏன்னு நெனக்கிறீங்க?"

"பயந்திருப்பா. நாம சொன்னா யார் நம்புவாங்கன்னு..."

"காலையில கதவைத் திறந்ததும் மேசை எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்தா. அந்த நிமிஷமே அவளுக்குத் தெரியும். இன்னிக்கு நான் அதைப் பத்திக் கேட்டதும் அழுதா. என்னைப் போகச் சொன்னா, தனக்காக யாரும் அலைய வேணாம்னுட்டா. முதல்ல எனக்கும் புரியல. நான் மேசையைப் பிடிச்சா நேரா உங்ககிட்ட வந்து நிப்பேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க போட்ட அதே கணக்கை அவளும் போட்டிருக்கா மிஸ். உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உள்ள உட்கார்ந்திருக்கா."

 பூட்டிய அறைக்காக இவ்வளவு நேரம் ஆர்ப்பாட்டம் பண்ணினோமே, அங்கே ஒருத்தி சாவி கையில் இருந்தும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று ரேடியோ நினைத்தான்.

மிஸ்ஸின் அழுகை நின்றுவிட்டது.  பிறகு கேட்டார்: "கையெழுத்து ஆகிற வரைக்கும்... கொஞ்சம் பொறுத்து நானே வந்தா ஆகாதா?"

"வண்டி அதுக்காக நிக்காது. கதவு திறந்திருக்கு. நான் உங்களைப் பிடிச்சு இழுக்க மாட்டேன். இழுக்கக் கூடாதுன்னு இப்பத்தான் சொல்லிக் குடுத்தீங்க. நீங்களே போலீஸ்ல வந்து சொல்லுங்க."

மிஸ் எழுந்தார். கலைந்திருந்த கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்யக் கை போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டார். யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

போலீஸ் நிலைய வாசலில் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மாமியார் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "ஏத்திட்டுப் போறதுன்னா என் மேல ஏத்திட்டுப் போங்க!" இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வண்டியின் பின்படியில் ஒரு காலை வைத்தபடி மருமகள், பெண் போலீஸின் பிடியில். "வழி விடுங்க அத்தை, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். 

"இன்ஸ்பெக்டர், அவளை விடுங்க. அன்னிக்கு ராத்திரி நான் அங்க போனேன். மாத்திரை போட்டதும் நான். மேசையை மாத்தி வச்சதும் நான்."

மருமகள் படியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓடி வந்தாள். பெண் போலீஸ் பின்னாலேயே ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ மிஸ்! எதுக்கு வந்தீங்க? உங்களைத் தவிர அத்தனை பேருக்கும் யார் இருக்காங்க? நான் தாங்கிக்குவேன் மிஸ், நான் தாங்கிக்குவேன்னுதானே பேசாம இருந்தேன்!"

"தாங்கிக்குவாளாம்!" மாமியார் அவள் முதுகில் ஒரு அடி வைத்து, அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டாள். "உன் பொண்ணு ரெண்டு நாளா அம்மா எங்கேன்னு என் உயிரை எடுக்குது. அதுக்கு என்னடி சொல்றது?"

மிஸ் மருமகளின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். கையை நீட்டினார், தொடத் தயங்கினார், பிறகு கன்னத்தில் கையை வைத்தார்.

"உன் கால்ல நீ நிக்கணும்னுதானே வேலை கத்துக் குடுத்தேன். எனக்குப் பதிலா ஜெயிலுக்குப் போகவாடி கத்துக் குடுத்தேன்?"

பெண் போலீஸ் மருமகளின் கையை விட்டாள். மிஸ் தானாகவே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.